அணைகிறது... எரிகிறது... மறுபடியும் அணைகிறது!
டி.வி. பெட்டிக்கு என்ன கோளாறு?

இரவு மணி 8.

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு வீடு. அப்பத்தா பாயில் உட்கார்ந்து இருக்கிறார். எதிரே சுவரில் டி.வி. நாடகம் சூடு பிடித்துவிட்டது. மாமியார் கையில் ஒரு கடிதம். மருமகள் கண்ணில் நீர். மாமியார் கடிதத்தைப் பிரிக்கிறாள்...

டப்!

திரை கறுத்துவிட்டது.

கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. சிறிது நேரத்தில் தானாகவே கம்பெனியின் பெயர் வந்தது. படம் வந்தது. பேச்சும் வந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள், மறுபடியும் டப்!

"யாருடா அதை அமத்துறது?" என்று அப்பத்தா சத்தம் போட்டார்.

"நான் தொடவே இல்ல, அப்பத்தா!" என்றான் பேரன்.

அப்பத்தா நம்பவில்லை.

இது கற்பனை வீடுதான். ஆனால் இதே கூத்து வேடசந்தூரிலும் நடக்கிறது. ஒட்டன்சத்திரத்திலும் நடக்கிறது. நிலக்கோட்டை, நத்தம் பக்கத்துக் கிராமங்களிலும் நடக்கிறது. தட்டை டி.வி. எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் உண்டு.

அந்த வீட்டு மருமகள் நூல் மில்லுக்குப் போகிறவள். மகன் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. இரண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தவணையில் வாங்கிய பெட்டி அது. இன்னும் 4 தவணை பாக்கி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பேனல் போயிருக்கும். பேனல் மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதானா? பார்ப்போம்.

தலையில் தட்டிய காலம்

இந்தியாவில் டெலிவிஷன் முதன் முதலாக டெல்லியில் தொடங்கியது. அது 1959 செப்டம்பர் 15-ந் தேதி. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகிவிட்டது. பிறகு கொடைக்கானல் மலை மேலே ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. திண்டுக்கல் சமவெளியில் மொட்டை மாடிக்கு மாடி ஆன்டெனா முளைத்தது. எல்லாம் மலைப் பக்கமாகவே முகம் திருப்பி நின்றன!

2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதும் 1985-ல் அதே செப்டம்பர் 15-ந் தேதிதான். டி.வி.க்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் ஒரே பிறந்த நாள்!

அந்தக் காலத்துப் பெட்டி பருத்த பெட்டி. உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய் இருந்தது. படம் ஆடினால் பெட்டியின் தலையில் ஒரு தட்டு. படம் நின்றுவிடும்! இன்றைய தட்டை டி.வி.யை அப்படித் தட்டக் கூடாது. கண்ணாடி விரிசல் விட்டால், அப்போது உண்மையாகவே பேனல் போய்விடும்.

தட்டை டி.வி.யின் உள்ளே முக்கியமாக மூன்று உறுப்புகள் உண்டு. வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் பலகை ஒன்று. மெக்கானிக்குகள் அதைப் 'பவர் போர்டு' என்பார்கள். படத்தையும் ஒலியையும் ஆட்டிப் படைக்கும் மூளை ஒன்று. அது 'மெயின் போர்டு'. மூன்றாவது திரை. திரைக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன.

இந்த உறுப்புகளில் எது தடுமாறினாலும் பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். தோட்டத்து மோட்டாரில் இருக்கும் ஸ்டார்ட்டர் நினைவு இருக்கிறதா? ஓல்டேஜ் குறைந்தால் 'டக்' என்று விழுந்துவிடும். விழாவிட்டால் மோட்டார் எரிந்துபோகும். டி.வி.யிலும் அப்படி ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் அணைக்கிறான். கொஞ்ச நேரம் பொறுத்து, "இப்போது சரியாகிவிட்டதா?" என்று திறந்து பார்க்கிறான். சரியாகாவிட்டால் மறுபடியும் அணைக்கிறான். அப்பத்தா பார்த்த கண்ணாமூச்சி அதுதான்!

முதலில் சாவியைப் பார்!

திண்டுக்கல் பூட்டு உலகம் அறிந்தது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பூட்டு திறக்கவில்லை என்று கொண்டு போனால், நல்ல தொழிலாளி என்ன செய்வார்? எடுத்த எடுப்பில் பூட்டை உடைப்பாரா? முதலில் சாவியை வாங்கிப் பார்ப்பார்.

டி.வி.க்கும் அதே முறைதான். பெட்டியைத் திறக்காமலே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. காசு செலவு இல்லை.

பிளக் இறுக்கமாக இருக்கிறதா? பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் தளர்ந்து போய் இருக்கும். ஆள் நடந்தால் அதிரும். காற்றாடி ஓடினால் அதிரும். அதிரும்போதெல்லாம் கரண்டு விட்டு விட்டுப் போகும். டி.வி. அணைந்து எரியும். நீளமான எக்ஸ்டென்ஷன் பலகையில் டி.வி., செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் சொருகி வைத்து இருந்தால், டி.வி.யை மட்டும் கழற்றி வேறு ஒரு சுவர் பாயிண்டில் நேராகச் சொருகிப் பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் நோய் இங்கேயே பிடிபட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பிளக் முள் கறுத்து இருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, உடனே சுவிட்சை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அது டி.வி.யின் கோளாறு மட்டும் ஆகாது. வீட்டில் தீப்பிடிக்கும் விஷயம்.

அடுத்தது ரிமோட். குழம்புக் கையோடு தொட்டு, பாயில் உருண்டு, குழந்தை வாயில் போய் வந்த ரிமோட்டில், பவர் பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். யாரும் தொடாமலே அது, "அணை! எரி! அணை!" என்று உத்தரவு போட்டுக்கொண்டு இருக்கும். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிட்டு, டி.வி.யில் உள்ள பொத்தானால் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரிமோட்டின் நுனியில் இருக்கும் சின்ன விளக்கின் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போனின் முன்பக்கக் காமிராவில் பெரும்பாலும் தெரியும். எந்தப் பொத்தானையும் அமுக்காமலே அந்த விளக்கு காமிராவில் மினுக்கினால், கள்ளன் ரிமோட்தான்!

டி.வி.யின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பொத்தானும் அப்படி ஒட்டிக்கொள்வது உண்டு.

சரியாக ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அணைகிறதா? அப்படியானால் யாரோ 'ஸ்லீப் டைமர்' வைத்து இருக்கிறார்கள். தூங்கிப்போனால் தானே அணையட்டும் என்று வைப்பது அது. செட்டாப் பாக்சில் சிக்னல் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் தானாக அணையும் டி.வி.க்களும் இருக்கின்றன.

செட்டாப் பாக்சையும் சந்தேகப்பட வேண்டும். இந்தக் காலத்துப் பெட்டிகள் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. பாக்ஸ் விழித்தால் டி.வி.யையும் எழுப்பும். பாக்ஸ் தூங்கினால் டி.வி.யையும் தூங்க வைக்கும். பாக்சுக்குப் புத்தி பேதலித்தால் டி.வி. என்ன செய்யும், பாவம்! எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, டி.வி.யை மட்டும் அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தால், குற்றவாளி யார் என்று தெரியும்.

கடைசியாக ஒரு கை வைத்தியம். பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். டி.வி.யில் உள்ள பவர் பொத்தானை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். 10 நிமிஷம் சும்மா விட்டுவிட்டு, மறுபடியும் சொருக வேண்டும். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, மூளை புதிதாகக் கண் விழிக்கும். சில சமயம் இதிலேயே குணம் ஆகிவிடும்.

மோட்டார் போட்டால் டி.வி. அணைகிறதா?

கிராமத்து வீடுகளில் ஒரு தனிச் சமாசாரம் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடுகிறார்கள். கிளம்புகிற அந்த ஒரு கணத்தில், மோட்டார் வழக்கத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டு விளக்கு மங்கும். நல்ல நிலையில் உள்ள டி.வி. இதைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலான தட்டை டி.வி.க்கள் 100 முதல் 240 ஓல்ட் வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. பெட்டியின் முதுகில் உள்ள சீட்டில் அது அச்சிட்டு இருக்கும். உள்ளே பவர் போர்டு நலிந்துபோன டி.வி.தான் அந்த மங்கலில் விழுந்துவிடும்.

ஒரு அறையில் விளக்கு பளீர் என்று எரிகிறதா? அடுத்த அறையில் மங்கி அழுகிறதா? அங்கே ஜாக்கிரதை! மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் 'நியூட்ரல்' கம்பி அறுந்தாலோ, தளர்ந்தாலோ இப்படி ஆகும். 230 ஓல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கும் மேலே வந்துவிடும். டி.வி., குளிர்பெட்டி, எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 'மின்னகம்' என்ற புகார் மையம் 2021-ல் தொடங்கப்பட்டது. அதன் எண் 94987 94987.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கேபிள் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். சிறுமலைப் பக்கம் கருக்கல் கட்டினாலே அப்பத்தா இதைச் செய்துவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரி.

பல்லியும் எறும்பும்

டி.வி.யின் முதுகில் வரிசையாகத் துளைகள் இருக்கும். சூடு வெளியே போவதற்காக வைத்தவை. ஆனால் அந்தக் கதகதப்புக்குப் பல்லி ஓடி வருகிறது. எறும்பு கூடு கட்டுகிறது. பல்லி குறுக்கே விழுந்தால் கரண்டு குறுக்கே பாயும். பல்லியும் போகும், போர்டும் போகும்.

தூசு அடைத்தாலும் தொல்லைதான். திண்டுக்கல் கோடையில் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும். டி.வி.யைச் சுவரோடு அப்பி மாட்டி, பக்கத்தில் அலமாரியும், மேலே துணியும் போட்டு மூடினால் சூடு எங்கே போகும்? ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு அணைந்து, ஆறிய பின் மறுபடியும் ஓடினால், அது சூட்டுக் கோளாறு. நாலு விரல்கடையாவது இடம்விட்டு வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, உலர்ந்த தூரிகையால் துளைகளைத் துடைக்கலாம். ஈரத் துணி கூடாது.

உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி!

இத்தனையும் பார்த்தாகிவிட்டது. இன்னும் டி.வி. அணைந்து எரிகிறது. அப்படியானால் சந்தேகம் ஒரு சின்னச் சாமான் மேல் விழுகிறது. அதன் பெயர் கப்பாசிட்டர். கடை வீதியில் 'கண்டென்சர்' என்பார்கள். விரல் நுனி அளவு உருளை. அலுமினிய உடம்பு. மேலே பிளாஸ்டிக் சட்டை.

அதன் வேலை என்ன?

குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? தொட்டி கட்டி நிரப்பி வைக்கிறார்கள். குழாய் நின்றாலும் தொட்டியில் இருந்து ஒரே சீராக மொண்டு கொள்கிறார்கள். வீட்டு மின்சாரமும் அலை அலையாகத்தான் வருகிறது. விநாடிக்கு 50 அலை. டி.வி.யின் மூளைக்கு அலை ஆகாது. ஒரே சீராக வேண்டும். அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பும் தொட்டிதான் கண்டென்சர்.

அந்தத் தொட்டிக்குள் ஒரு ஈரமான இரசாயனம் உண்டு. காலப் போக்கில், சூட்டில், அது உலர்கிறது. தொட்டி சிறுக்கிறது. டி.வி. எரிய ஆரம்பித்துக் கரண்டை இழுத்ததும், தொட்டி வற்றிவிடுகிறது. ஓல்டேஜ் விழுகிறது. காவல்காரன் அணைக்கிறான். அணைத்ததும் இழுப்பு இல்லை, தொட்டி நிரம்புகிறது. காவல்காரன் திறக்கிறான். மறுபடியும் வற்றுகிறது! டிக், டிக் என்று சத்தம் வருவதும் இதனால்தான்.

சூடு எவ்வளவு கெடுதல் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண்டென்சரின் சட்டையிலேயே '105 டிகிரி' என்று போட்டு இருக்கும். 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம் உழைக்கும் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் சுமார் இரண்டு மடங்கு ஆகும். 95 டிகிரியில் 4,000 மணி. 85-ல் 8,000. 75-ல் 16,000. 65-ல் 32,000. தினம் 6 மணி நேரம் டி.வி. பார்க்கும் வீட்டில், 75 டிகிரியில் 7 வருஷம் வரும். 65 டிகிரியில் 14 வருஷம் வரும்! துணி போட்டு மூடாமல் காற்றுப் படவிட்டால் அவ்வளவு லாபம்.

இது நாகல்நகர் வீட்டின் தலையெழுத்து மட்டும் இல்லை. 2000-ம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில், தரக் குறைவான கண்டென்சர்கள் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைக் கெடுத்தன. அவை தலை உப்பி, வெடித்து, கசிந்தன. டி.வி.க்களையும் இந்த நோய் விடவில்லை. அமெரிக்காவில் சாம்சங் கம்பெனி மீது வழக்கே தொடுத்தார்கள். டி.வி. எரிய மறுக்கிறது, டிக் டிக் என்கிறது, தானாக அணைந்து எரிகிறது என்று புகார். 2012-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. கெட்டுப்போன பெட்டிகளை இலவசமாகப் பழுது பார்க்கவும், ஏற்கெனவே செலவு செய்தவர்களுக்குப் பணம் கொடுக்கவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் காரணமான சாமானின் விலை சில ரூபாய்தான். பெரிய கண்டென்சர் என்றாலும் அதிகம் ஆகாது.

கையை வைக்காதே!

"சில ரூபாய்தானே? நானே திறந்து மாத்திடுறேன்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான் பேரன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன். செல்போனில் வீடியோ பார்த்து இருந்தான்.

"வேண்டாம்!" என்று தாய் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவள் செய்ததுதான் சரி. வீட்டுக்கு வருவது 230 ஓல்ட். பவர் போர்டில் உள்ள பெரிய கண்டென்சரில் அது 325 ஓல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். சில டி.வி.க்களில் இன்னும் அதிகம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தத் தொட்டி நிரம்பியே இருக்கும். தொட்டவனைத் தூக்கி எறியும். உயிரே போகலாம். தொழில் தெரிந்த மெக்கானிக் முதலில் அதை முறையாக வடித்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வைப்பார்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி எழுதி வைக்கலாம். பல கம்பெனிகளில் அந்த எண்ணிக்கையே நோயின் பெயர். எத்தனை நிமிஷத்தில் அணைகிறது? படம் போனதும் பேச்சும் போகிறதா, பேச்சு மட்டும் கேட்கிறதா? பேச்சு மட்டும் கேட்டால், இருட்டில் திரை மேல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக ஆட்கள் நடமாடினால் பேனல் நன்றாக இருக்கிறது, பின் விளக்குப் பட்டைதான் கெட்டது. பட்டையை மட்டும் மாற்றலாம். கம்பெனி பெயர் வந்து, அதைத் தாண்டாமல் திரும்பத் திரும்ப அதே பெயர் வந்தால், கோளாறு பெரும்பாலும் மெயின் போர்டிலோ, அதில் உள்ள சாப்ட்வேரிலோ இருக்கும். அதற்கும் மருந்து உண்டு.

உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியை வெளி ஆளிடம் திறக்கக் கொடுக்கக் கூடாது. உத்தரவாதம் போய்விடும். பில்லும் அட்டையும் எங்கே என்று அன்றைக்குத்தான் பீரோவைக் கவிழ்ப்பார்கள்! வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. கம்பெனி இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

மெக்கானிக் வந்தார்

நாகல்நகர் வீட்டுப் பெட்டிக்கு உத்தரவாதம் முடிந்து 5 மாதம் ஆகி இருந்தது. தவணைதான் முடியவில்லை!

மறுநாள் மாலை மெக்கானிக் வந்தார். மருமகள் எழுதி வைத்த காகிதத்தைக் கொடுத்தாள். 'வேறு பாயிண்டில் போட்டாச்சு. ரிமோட் பேட்டரி கழற்றியாச்சு. பாக்ஸ் கம்பி கழற்றியாச்சு. 2 நிமிஷத்தில் அணைகிறது. படமும் பேச்சும் சேர்ந்து போகிறது. டிக் சத்தம் வருகிறது.'

மெக்கானிக் சிரித்தார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்களே, அக்கா!"

"பேனல் போயிருச்சா, தம்பி?" என்று கேட்டாள் அவள். குரல் நடுங்கியது.

அவர் பதில் சொல்லாமல் முதுகைத் திறந்தார். பவர் போர்டில் இரண்டு கண்டென்சர்கள் தலை உப்பி நின்றன. சோளப் பொரி மாதிரி! சுற்றிலும் தூசு. ஒரு மூலையில் காய்ந்துபோன பல்லி.

"பேனலுக்கு ஒண்ணும் ஆகல, அக்கா" என்றார்.

பழையதை எடுத்துப் புதியதைச் சால்டரிங் வைத்தார். தூசு தட்டினார். பெட்டியைச் சுவரில் இருந்து நாலு விரல்கடை தள்ளி மாட்டினார். அலமாரி மேலே தொங்கிய துணியையும் எடுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒரு மாதத் தவணையில் கால் பங்குகூட ஆகவில்லை.

பேரன் அந்த உப்பிய கண்டென்சர்கள் இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் காட்ட.

மணி 8. டி.வி. அணையவில்லை. மாமியார் வந்தாள். மருமகள் வந்தாள். ஆனால் அந்தக் கடிதம் காணோம். கதை எங்கோ போய்விட்டது.

"அந்த லெட்டர்ல என்னடா எழுதி இருந்துச்சு?" என்று கேட்டார் அப்பத்தா.

வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.